உசிரெடைக்கு எவ்வளவு? கறிக்கிடா விற்பவர்களுக்கான கணக்கு

ஆட்டுச் சந்தையில் வாங்க வருகிறவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: இந்தக் கிடா எத்தனை கிலோ நிற்கும், வெட்டினால் எத்தனை கிலோ கறி விழும். விற்க வந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு மாதமாகத் தீவனம் போட்ட செலவும், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் ஜோடி என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதும்தான். பேரத்தில் தோற்பது இங்கேதான். ‘எனக்கு இவ்வளவு செலவாகிவிட்டது’ என்பது வியாபாரிக்கு ஒரு விலையே அல்ல. அவர் கையில் கிலோ இருக்கிறது. உங்கள் கையிலும் கிலோ இருக்க வேண்டும்.

வியாபாரி எப்படி எடை பார்க்கிறார் என்று ஒரு முறை நின்று கவனியுங்கள். கிடாவின் முகத்தையோ கொம்பையோ அவர் முதலில் பார்ப்பதில்லை. பின்பக்கமாக வந்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே முதுகை நான்கு விரலாலும் கட்டைவிரலாலும் கவ்விப் பிடிப்பார். முதுகெலும்பின் முள் விரலில் குத்தினால் சதை ஏறவில்லை. முள் அமுங்கி, இரண்டு பக்கமும் உருண்டையாகக் கைக்குள் நிறைந்தால் கறி இருக்கிறது. அடுத்து தொடையின் உள்பக்கம். அதற்குப் பிறகு ஒரு கை வயிற்றுக்கு அடியில் போகும். காலையில் தண்ணீர் காட்டி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறீர்களா என்ற சோதனை அது. கடைசியில் உதட்டைப் பிரித்துப் பல். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேச்சு அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

“என்ன அண்ணாச்சி, கேளுங்க.”

“நீங்கதான் சொல்லணும் தம்பி. எத்தன கிலோ நிக்கும்ங்கிறீங்க?”

“இருபத்தஞ்சு நிக்கும்.”

“வவுத்துல ரெண்டு கிலோ தண்ணி. இருபத்தி மூணுன்னு பேசுங்க.”

முந்தின நாள் தராசில் போட்டுப் பார்த்தவர் இந்த இடத்தில் “இருபத்தி நாலரை, வெறும் வயித்துல” என்று சொல்லிவிட்டு நிற்பார். பார்க்காதவர் இருபத்தி மூன்றுக்கு இறங்கிவிடுவார். ஒன்றரை கிலோ, அறுநூறு ரூபாய், ஒரே வாக்கியத்தில் போய்விடும்.

கறிக்கடைக்காரரின் கணக்கை அவர் இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 25 கிலோ உயிர் எடை உள்ள கிடா. 48 சதவீதம் விழுந்தால் 12 கிலோ கறி. கடை விலை கிலோ 900 என்றால் 10,800 ரூபாய். தலை, கால், குடல் சேர்த்து ஒரு 700. மொத்தம் 11,500. தோலை இதில் சேர்க்கவே வேண்டாம். ஒரு காலத்தில் வெட்டுக்கூலியைத் தோலே கொடுத்துவிடும், இப்போது அது பேச்சில் வருவதில்லை. இதிலிருந்து வெட்டி உரிக்கும் கூலி 300, வண்டி, சுங்கம், தரகு 250, கடை வாடகையும் ஆள் சம்பளமும் ஓர் ஆட்டுக்கு 450, தொங்குகிற கறி வாடி எடை குறைவதும் வெட்டும்போது சிதறுவதும் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்து 400, அவர் லாபம் 600. ஆக 2,000 கழிந்தது. அவர் தரக்கூடிய உச்சம் 9,500. உயிர் எடைக்கு கிலோ 380.

இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைக் காட்டுகிறது. ஒன்று, கடை விலையில் ஏறத்தாழ 42 முதல் 45 சதவீதம்தான் சாதாரண நாளில் உயிர் எடை விலை. ‘கடையில் 900 விற்கிறான், எனக்கு 380 தருகிறான்’ என்ற கோபத்தில் பாதிக்கு அர்த்தமில்லை. மீதிப் பாதிக்கு இருக்கிறது: கடை விலை ஏறினால் இறங்குவது அபூர்வம், சந்தை விலை மட்டும் வாராவாரம் ஏறி இறங்கும். கடை விலை 900-லேயே நிற்க, சந்தை 340-க்குப் போன வாரத்தில் நடுவில் உள்ளவர் நன்றாகச் சம்பாதிக்கிறார். அந்த வாரத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். அவரிடம் விட்டுக்கொடுக்க இடம் உண்டு.

இரண்டாவது, கறி விழும் அளவு. அதே 25 கிலோ கிடா 44 சதவீதம்தான் விழுந்தால் 11 கிலோ. ஒரு கிலோ கறி, 900 ரூபாய் போச்சு. உயிர் எடையில் கிலோவுக்கு 36 ரூபாய் குறைந்துவிட்டது. வியாபாரி முதுகைப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். மேய்ச்சலில் மட்டும் திரிந்து வயிறு பெருத்த ஆட்டுக்கும், கடைசி மூன்று மாதம் அடர்தீவனம் (மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு மாதிரி) தின்று தொடை திரண்ட ஆட்டுக்கும் தராசு ஒரே எடையைக் காட்டும், கத்தி காட்டாது. ‘எல்லோரும் கிலோ 400-க்குக் கொடுத்தார்கள், எனக்கு 370 தான் கேட்டான்’ என்றால் முதலில் உங்கள் ஆட்டின் முதுகைப் பிடித்துப் பாருங்கள்.

எடை போடுவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. 100 கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று, பரணின் குறுக்குச் சட்டத்தில் ஒரு கொக்கி, நான்கு கால் போக ஓட்டை போட்ட கோணிச் சாக்கு அல்லது பழைய தார்ப்பாய்த் துண்டு. தராசு சரியா என்று பார்க்க 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும்: வெறும் கேனை ஒரு தடவை, நிரப்பி ஒரு தடவை தொங்கவிட்டால் நடுவில் 20 கிலோ வர வேண்டும். வாங்க வருகிறவர் தன் தராசைக் கொண்டுவந்தாலும் அதே கேனை அதில் தொங்கவிடலாம். நேர்மையானவர் முகம் சுளிக்க மாட்டார். எடை எப்போதும் காலையில், தீவனமும் தண்ணீரும் காட்டுவதற்கு முன். அசைபோடுகிற பிராணியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையிலும் குடலிலும் கிடக்கிற இரைதான். மாலையில் மேய்ந்து வந்ததும் போட்ட எடையை மறுநாள் காலை எடையோடு ஒப்பிட்டு ‘ஒரே ராத்திரியில் ஒன்றரை கிலோ இறங்கிவிட்டதே’ என்று பதறுவதில் பயனில்லை.

தராசு இல்லாத இடத்தில் தையல்காரர் நாடா கைகொடுக்கும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் அங்குலத்தில். நெஞ்சு அளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. நெஞ்சு 28, நீளம் 22 என்றால் 784 × 22 = 17,248; வகுத்தால் 26 கிலோ. பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். செம்மறியாக இருந்தால் நாடாவை ரோமத்துக்கு அடியில் நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்வாகப் பிடித்தால் இல்லாத இரண்டு கிலோ வந்துவிடும்.

விலையைத் தொடர்வது என்றால் பலர் செய்வது செய்தித்தாளில் வரும் ‘இன்று சந்தையில் இத்தனை கோடிக்கு ஆடுகள் விற்பனை’ என்ற தலைப்பைப் படிப்பது. அந்தக் கோடியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பத்தாயிரம் ஆடு வந்ததா, நாற்பதாயிரம் வந்ததா, குட்டியா கிடாவா என்று தெரியாமல் அது வெறும் திருவிழாச் செய்தி. ‘ஜோடி இருபதாயிரம்’ என்பதும் அப்படியே. எத்தனை கிலோ ஜோடி? வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விலைகளில் பாதி, விற்றவர் பெருமைக்காகச் சொல்வது. மீதிப் பாதி, வாங்குகிறவர் விலையை இறக்குவதற்காகப் போடுவது. எடை சொல்லாத விலையைக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு நோட்டுப் போதும். தேதி, சந்தை, உருப்படி என்ன ரகம், எத்தனை கிலோ நிற்கும், என்ன விலைக்கு முடிந்தது, வகுத்து வந்த கிலோ விலை, வாங்கியவர் எந்த ஊருக்குக் கொண்டுபோகிறார், அன்று மழையா, அடுத்த வாரம் என்ன விசேஷம். விற்கிற வாரத்தில் மட்டும் குறித்தால் அது பயன்படாது. ஆடு பட்டியில் நிற்கிற எல்லா வாரமும் வேண்டும். குறைந்தது இரண்டு சந்தை. தெற்கே என்றால் எட்டயபுரம் சனிக்கிழமை, மேலப்பாளையம் செவ்வாய். மதுரைப் பக்கம் திருமங்கலம் வெள்ளி. வடக்கே செஞ்சி, வேப்பூர், குந்தாரப்பள்ளி வெள்ளி. சேலத்தார்க்குக் கொங்கணாபுரம் சனி, திருச்சியார்க்குச் சமயபுரம் சனி. வெள்ளிச் சந்தையில் என்ன நடந்தது என்பது அன்று மதியமே வியாபாரிகளின் போனில் ஓடிவிடும். சனிக்கிழமை விடியற்காலை அந்த விலையோடுதான் அவர்கள் வந்து இறங்குவார்கள். உங்களுக்கும் வெள்ளிக்கிழமை சந்தையில் நிற்கிற ஒருவர் பழக்கம் இருப்பது நல்லது.

ஒரு வருடம் இப்படி எழுதினால் விலை எப்போது ஏறும் என்பது ஜோசியமாக இருக்காது. பெரும்பகுதி காலண்டரிலேயே இருக்கிறது. ஆடியில் கோயில் கொடையும் பதினெட்டும். ஆவணியில் கல்யாண விருந்துகள். புரட்டாசியில் படுத்துவிடும். ஐப்பசியில் தீபாவளிக்குத் துள்ளும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களால் மந்தம். தை மூன்றாம் நாள் கறிநாளுக்கு மறுபடி எழும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் கோட்டை விடுவது புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்காததால்.

2024-ல் தீபாவளி அக்டோபர் 31. ஐப்பசி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. புரட்டாசி முடிந்ததும் கடைகளில் சாதாரண விற்பனை ஒரு சுற்று எழுந்து, அதன் மேல் தீபாவளி ஏறியது. விற்கிறவருக்கு இரண்டு, மூன்று சந்தை கிடைத்தது. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20; ஐப்பசி 3. அதாவது தீபாவளிக்கான கடைசி வெள்ளிச் சந்தை புரட்டாசி முடிகிற நாளிலேயே விழுந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் வெளியூர் வியாபாரி புரட்டாசிக் கடைசியிலேயே வாங்கிக் கட்டிவிடுவார். ‘ஐப்பசி பிறக்கட்டும்’ என்று காத்திருந்தவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு சந்தை, அதிலும் எல்லோரும் கொண்டுவந்து குவித்திருப்பார்கள். 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஐப்பசி 22. நடுவில் மூன்று வாரம் இருக்கிறது. அவசரப்பட்டுப் புரட்டாசி விலைக்குக் கொடுக்க வேண்டிய வருடம் அல்ல. ஆனால் அந்த மூன்று வாரமும் வடகிழக்குப் பருவமழைக் காலம். பட்டி நனையாமல் வைத்திருக்க முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பக்ரீத் வேறு சரக்கு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நட்டப்படுகிறவர்கள்தான் அதிகம். கறிக்கடைக்காரருக்கு 18 முதல் 25 கிலோ நிற்கிற இளங்கிடா போதும். வாடிக்கையாளர் இளங்கறி கேட்பார். 40 கிலோ கிடாவைக் காட்டினால் ‘முத்தல்’ என்று கிலோவுக்கு முப்பது, நாற்பது குறைப்பார். பக்ரீத்துக்கு வாங்குகிறவருக்கோ அதே 40 கிலோ கிடாதான் அழகு. அவர் கிலோ கணக்கில் அடங்குவதில்லை. உயரம், நிறம், கொம்பு, நடை எல்லாவற்றுக்கும் பணம் கொடுப்பார். ஆனால் கட்டாயமானவை சில உண்டு. வெள்ளாடு ஒரு வருடம் நிறைந்திருக்க வேண்டும். பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் போட்டிருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்ப்பார்கள். கண், காலில் ஊனம், பெரிதாக அறுந்த காது, அடியோடு முறிந்த கொம்பு இருந்தால் தொடவே மாட்டார்கள். அடையாளத்துக்காகக் காதில் துண்டு வெட்டும் பழக்கம் உள்ளவர்கள் பக்ரீத் கிடாக்களுக்கு அதைச் செய்யாமல் விட வேண்டும். கடைசி மாதத்தில் முட்டிக்கொண்டு கொம்பு முறிந்தால் ஒரு வருட உழைப்பு ஒரு நாளில் கறிக்கடை விலைக்கு இறங்கிவிடும். பெரிய கிடாக்களைப் பிரித்துக் கட்டுவது அதற்காக.

பக்ரீத் தேதி ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும். 2023-ல் ஜூன் 29, 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7, 2026-ல் மே மாதக் கடைசி. போன வருடம் சரியாகப் பல் போட்ட நேரத்தில் வந்த பண்டிகை, அதே மாதத்தில் ஈன்ற குட்டிகளுக்கு இந்த வருடம் பதினொரு நாள் முந்திவிடும். மூன்று வருடத்தில் ஒரு மாதம். கிடா சேர்க்கும் காலத்தையும் அதற்கேற்ப முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சினைக்காலம் ஐந்து மாதம், அதோடு குறைந்தது ஒரு வருடம். பண்டிகை முடிந்த மறுநாள் 40 கிலோ கிடாவுக்குச் சந்தையில் ஆள் இருக்காது. விலை இன்னும் ஏறும் என்று கடைசி நாள் வரை இழுத்துப் பார்ப்பது தீபாவளிக்குச் சரி, பக்ரீத்துக்குச் சரியில்லை. பாதியை இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுவதுதான் எங்கள் அபிப்பிராயம்.

கோயில் கிடாக்களைப் பற்றிச் சுருக்கமாக: நேர்த்திக்கடனுக்குக் கேட்பவர்கள் பெரும்பாலும் காயடிக்காத, மறுவில்லாத, முழுக் கருப்புக் கிடா கேட்பார்கள். அது கிலோ விலைக்கு மேலே ஒரு விலை. பட்டியில் அப்படி ஒன்றிரண்டு குட்டி இருந்தால் காயடிக்கும்போது அவற்றை ஒதுக்கி வைக்கலாம். மற்றவற்றை இரண்டு, மூன்று மாதத்திலேயே காயடித்துவிட்டால் மொச்சை வாடை இருக்காது, கடைக்காரர் விரும்புவார்.

இனி, எத்தனை நாள் வைத்திருப்பது. இதற்கு ஒரே அளவுகோல், இன்று ஒரு நாள் கூடுதலாக வைத்தால் என்ன செலவு, என்ன வரவு. வளர்கிற பருவத்தில், 18 முதல் 25 கிலோ வரை, அடர்தீவனம் 300 கிராம் ஒன்பது ரூபாய், பசுந்தீவனம் இரண்டரை கிலோ ஆறு ரூபாய், மருந்து, ஆள், சில்லறை மூன்று ரூபாய்: நாளைக்கு 18 ரூபாய். நூறு கிராம் ஏறினால், கிலோ 420 என்றால், வரவு 42 ரூபாய். வைத்திருப்பதுதான் லாபம், விலை கொஞ்சம் இறங்கினாலும்கூட. 30 கிலோவைத் தாண்டியதும் நாட்டு ஆட்டுக்கு வளர்ச்சி சுருங்கும். 40 கிராம்தான் ஏறுகிறது, அடர்தீவனமோ 400 கிராம், பசுந்தீவனமும் கொஞ்சம் கூடுதலாகத் தின்கிறது என்றால் செலவு 22, வரவு 17. எடை வளராத நாட்களில் விலை வளர வேண்டும், இல்லாவிட்டால் அன்றன்று ஐந்து ரூபாய் கையை விட்டுப் போகிறது. அதே கிடாவுக்கு இருபது நாளில் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறும் என்று காலண்டர் சொன்னால் 600 ரூபாய் வரவு, 100 ரூபாய் செலவு, தாராளமாக வைத்திருக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை போட்டுக் குறிக்காதவருக்கு வளர்ச்சி எந்த வாரத்தில் நின்றது என்று தெரியவே தெரியாது. கன்னி, கொடி இன ஆட்டுக்கு வளர்ச்சி ஒரு எடையில் நிற்கும், தலைச்சேரி இனத்துக்கோ போயர் கலப்புக்கோ இன்னொரு எடையில். அதனால் அடுத்தவர் கணக்கை இதில் இரவல் வாங்க முடியாது.

காத்திருப்பதில் சாவுக் கணக்கையும் சேர்க்க வேண்டும். இருபது கிடாவில் ஒன்று செத்தால் 10,500 ரூபாய். மிச்சம் பத்தொன்பதின் தலையில் ஆளுக்கு 550. விற்பனைக்கு முந்தைய மாதத்தில் வரும் சாவு பெரும்பாலும் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய். சீக்கிரம் சதை ஏற்ற வேண்டும் என்று மக்காச்சோளத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்குவதால் வருவது. அதிலும் பட்டியிலேயே நன்றாகத் தின்று முன்னால் நிற்கிற கிடாதான் காலையில் விறைத்துக் கிடக்கும். நாலு நாளுக்கு ஒரு முறை 50 கிராம் என்று மெல்ல ஏற்ற வேண்டும். தடுப்பூசி அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஊசியோ குடற்புழு மருந்தோ கொடுத்தால் அதன் அட்டையில் உள்ள இறைச்சிக்கான காலக்கெடு முடியாமல் விற்காதீர்கள்.

காலண்டருக்கு அடங்காதவையும் உண்டு. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்தை ஆவணமில்லாமல் கொண்டுபோக முடியாது. ஆட்டு வியாபாரமோ ரொக்கத்தில் நடப்பது. 2024-ல் மார்ச் 16-ல் விதி அமலுக்கு வந்தது, ரம்ஜான் ஏப்ரல் 11, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ரம்ஜானுக்கு முந்தைய சந்தைகள் பறக்கும் படைக் கெடுபிடிக்குள்ளேயே விழுந்தன. வெளியூர் வியாபாரி வராத சந்தையில் உள்ளூர்க்காரர் சொன்னதுதான் விலை. அப்படிப்பட்ட மாதங்களில் பட்டியிலேயே வங்கிக் கணக்கு மூலம் பணம் வாங்கி விற்பது மேல். வறட்சி இன்னொன்று. மேய்ச்சல் காய்ந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் பெட்டையையும் குட்டியையும் ஓட்டி வருவார்கள், கிடா விலையும் அதோடு சாயும். வறட்சிக்கு அடுத்த வருடம் குட்டி கிடைக்காது, விலை எகிறும். அந்த நேரம் தீவனம் கையிருப்பில் உள்ளவர் விற்கக் கூடாது, வாங்க வேண்டும்.

விற்கிற அன்று கூட்டத்தைப் பிரிக்கிற விதத்தில் நிறையப் பணம் போகும். இருபது உருப்படி நிற்கிறது: ஆறு 28 கிலோ, ஒன்பது 24 கிலோ, ஐந்து 19 கிலோ, மொத்தம் 479 கிலோ. ஒருவர் வந்து ‘மேலான ஆறை எடுத்துக்கொள்கிறேன், கிலோ 400’ என்கிறார். இன்னொருவர் ‘பொறுக்கி எடுக்கவில்லை, மொத்தமாக 390’ என்கிறார். 400 கேட்க இனிக்கும். ஆனால் ஆறு போனபின் மிச்சமுள்ள பதினாலும் கழித்துப்போட்ட கூட்டமாகத் தெரியும். அடுத்தவர் 370-க்கு மேல் வர மாட்டார். 168 கிலோ 400-க்கு 67,200, மிச்சம் 311 கிலோ 370-க்கு 1,15,070, ஆக 1,82,270. மொத்தமாகக் கொடுத்திருந்தால் 1,86,810. நாலாயிரத்து ஐந்நூறு வித்தியாசம். பொறுக்குகிறவரிடம் 400 அல்ல, 430 கேட்க வேண்டும். அப்போதுதான் மிச்சத்தின் குறையை அது ஈடுகட்டும்.

பட்டியிலா, சந்தையிலா என்ற கேள்விக்கும் இதே மாதிரிதான் விடை. சந்தை விலை 400, வீட்டுக்கு வந்து கேட்பவர் 375. வண்டி வாடகை, சுங்கம், தரகு, சாப்பாடு என்று ஓர் ஆட்டுக்கு 250. ராத்திரி ஏற்றி விடியும்வரை நிற்பதில் ஒன்றேகால் கிலோ இறங்கும்; தராசு இல்லாத சந்தையிலும் ஒட்டிய விலா அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 23.75 கிலோ 400-க்கு 9,500, செலவு போக 9,250. பட்டியில் 25 கிலோ 375-க்கு 9,375. இங்கே வீட்டுக்கு வந்தவர்தான் லாபம். வித்தியாசம் முப்பது ரூபாயைத் தாண்டினால் வண்டி பிடிக்கலாம். பட்டியில் எடைக்கு விற்கும்போது எந்த நேரத்து எடை, தீவனத்துக்கு முன்பா பின்பா, உருப்படிக்குக் கழிவு உண்டா என்பதை அச்சாரம் வாங்குவதற்கு முன் பேசிவிட வேண்டும். தராசில் தூக்கியபின் ‘ஒரு கிலோ கழிவு வழக்கம்தானே’ என்பார்கள். வழக்கமாக இருந்தால் விலையில் அதை ஏற்றிச் சொல்லுங்கள்.

சந்தைக்குப் போவதென்றால், சின்ன யானை வண்டியில் 25 கிலோ கிடா பத்துப் பன்னிரண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். தரையில் மணலோ வைக்கோலோ போடாமல் ஏற்றினால் மூத்திரத்தில் வழுக்கி விழும். விழுந்ததை மற்றவை மிதிக்கும். பெரிய கொம்புக் கிடாக்களைக் கட்டிப் போடுங்கள். முந்தின மாலை தண்ணீரும் கொஞ்சம் பசுந்தழையும் கொடுத்து, அடர்தீவனத்தை நிறுத்திவிடுங்கள். வண்டியில் கழிச்சல் எடுத்தால் பின்பக்கம் அழுக்காகி, நோயாளி ஆடு என்று கழித்துவிடுவார்கள். உப்பைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து வயிறு நிரப்புகிற தந்திரம் எல்லா வியாபாரிக்கும் தெரியும். இரண்டு கிலோ ஏற்றினால் மூன்று கிலோ கழிப்பார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். தூரத்து வியாபாரிகள் முதலில் வாங்கி வண்டியைக் கிளப்பப் பார்ப்பார்கள். நல்ல விலை அவர்களிடம். ஏழு, எட்டு மணிக்கு மேல் நிற்கிற ஆட்டை ‘காலையிலிருந்து யாரும் எடுக்காத ஆடு’ என்றுதான் பார்ப்பார்கள். முதலில் கேட்டவரின் விலையை அவசரமாகத் தள்ளிவிடாமல், நாலு பேர் கேட்ட விலையை மனதில் கிலோவாக்கிப் பாருங்கள். நாலும் பத்து ரூபாய் வித்தியாசத்துக்குள் இருந்தால் அதுதான் அன்றைய விலை, அதற்கு மேல் நின்று பயனில்லை. தரகருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பது கைகொடுப்பதற்கு முன். பணம், கயிற்றை விடுவதற்கு முன். இருட்டில் நோட்டு எண்ண வேண்டியிருந்தால் டீக்கடை விளக்கடிக்கு வந்துவிடுங்கள். யுபிஐ-யில் அனுப்பிவிட்டேன் என்று போன் திரையை நீட்டினால், அவர் திரையைப் பார்க்காமல் உங்கள் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள்.

விற்காமல் திரும்பி வந்த ஆட்டை நேராகப் பட்டிக்குள் விடவே கூடாது. ஆயிரக்கணக்கான ஆடுகளோடு மூக்கு உரசி வந்திருக்கிறது. ஆட்டுக்கொல்லியோ வாய்ப்புண்ணோ அம்மையோ எது ஒட்டிக்கொண்டு வந்தது என்று அன்று தெரியாது. மூன்று வாரம் தனியாக, தனித் தொட்டியில் தண்ணீர், மற்ற ஆடுகளுக்குத் தீவனம் போட்டு முடித்த பிறகு கடைசியாக இவற்றுக்கு. அந்த இடம் இல்லாதவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ‘இந்த விலை வரை இறங்குவேன், திருப்பிக் கொண்டுவர மாட்டேன்’ என்று ஓர் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வண்டிக்காரரிடமும் திரும்பி வரும் வாடகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாரம் ஏற்றித் திரும்பினால் அவர் அரை வாடகை கூடுதலாகக் கேட்பார்.